காரீயக் கோட்டில் ஒரு முகம்

வண்ணம் தீட்டப்படாத ஓவியம் முற்றுப்பெறாத ஓவியம் என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கின்றது. தூரிகை வந்ததும் பென்சிலின் வேலை முடிந்துவிடும் என்று கருதுகின்றோம். இஃது எத்துணை பொருந்தாத எண்ணம் என்பதைப் பிரெஞ்சு ஓவியர் ஆங்கிர் வரைந்த உருவப்படங்களே எனக்கு உணர்த்தின.

பென்சிலின் உள்ளீடு காரீயம். நம் நாட்டுப் போகலைச் சுரங்கத்தில் அகழ்ந்தெடுக்கப்படும் அதே கனிப்பொருள். பிரான்சு பிரித்தானியாவோடு பொருதிய காலத்தில் ஆங்கில நாட்டுக் காரீயம் பிரான்சுக்குக் கிட்டாது போயிற்று. அந்நெருக்கடியிலே, 1795 இல், நிக்கொலா கொன்ரே என்பவர் காரீயத் தூளைக் களிமண்ணோடு பிசைந்து சுட்டுப் பென்சில் செய்யும் முறைக்கு உரிமை பெற்றார். களிமண் மிகுந்தாற் கோடு மெலிந்து வெளிறும். குறைந்தாற் கறுத்துக் குழையும். வேண்டிய வன்மையும் மென்மையும் ஓவியன் கைக்கு எட்டின.

1815 இல் நெப்போலியன் வீழ்ந்ததும், உரோமாபுரியில் வாழ்ந்த ஆங்கிர் தம்மை ஆதரித்த பிரெஞ்சு அதிகாரிகளை இழந்தார். வயிற்றுப்பாட்டுக்காக, அந்நகருக்கு வந்த பயணிகளின் உருவங்களைப் பென்சிலால் வரைந்து கொடுத்தார். வரலாற்று ஓவியராகவே பெயர்பெற விழைந்த அவர் இவ்வேலையைத் தாழ்வாகவே எண்ணினார். ஆயினும், கலையன்பர் இன்று அப்படங்களைப் பொன்னெனப் போற்றுகின்றனர்.

வயலின் மேதை பகனினியை 1819 இல் அவர் வரைந்த படத்தை நோக்குங்கள். முகத்திலே நுண்ணிய நிழல்கள் ஒன்றோடொன்று இழைகின்றன. உடையோ சில விரைந்த கோடுகளோடு நின்றுவிடுகின்றது. அந்தக் குறைவே நம் கண்ணை முகத்துக்கு அழைத்துச் செல்கின்றது. இதே மனிதரை 1831 இல் டெலாக்குருவா எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். அங்கே இருளிடையே நெளியும் உடலில் இசையின் வெறி தெரிகின்றது. ஆங்கிர் காட்டுவதோ வாசியாது நிற்கும் மனிதரை. இளமையிலே துலூஸ் நகர வாத்தியக் குழுவில் தாமும் வயலின் வாசித்தவராதலின், புகழுக்குப் பின்னாலிருந்த மனிதரை அவர் கண்டுகொண்டார் போலும்.

எதை வரையாது விடுவது என்று அறிவதே பென்சில் ஓவியனின் பேராற்றல் என்பது என் துணிபு. புகைப்படத்தை மயிரிழை பிசகாது நகல்செய்த படங்களைக் காணும்போது வியப்புத் தோன்றுகின்றது. ஆனால், அம்முகங்கள் என்னோடு பேசுவதில்லை. ஆசிரியர்கள் மாணவர் கையில் ஒரு பென்சிலையும் தாளையும் கொடுத்து, எதிரே உயிருள்ள முகம் ஒன்றை இருத்தட்டும். வண்ணப்பெட்டி வாங்க வழியற்ற சிறுவனுக்கும் திறந்திருக்கும் வாயில் அது.