கடல் கடந்து சென்ற கடம்

மேடைக் கச்சேரியைப் பதிவு செய்த இசைத்தட்டு எனக்குப் பிடிக்காது. கைதட்டலும் இரைச்சலும் எதற்கு என்று எண்ணுவேன். 'சக்தி' கேட்டபின் அவ்வெண்ணம் மாறியது.

1975 ஜூலை 5-ல் அமெரிக்காவில் சவுத்தாம்ப்டன் கல்லூரியில் நடந்த கச்சேரி அது. 1976-ல் இசைத்தட்டாக வந்தது. ராக்கும் ஜாஸும் கலந்த 'மகாவிஷ்ணு' குழுவை மின்சார கிதாருடன் நடத்திய ஆங்கிலேயர் ஜான் மெக்லாஃப்லின், இங்கே மரக் கிதாருடன் அமர்ந்தார். உடன் வயலின் எல். சங்கர், தபேலா ஜாகிர் உசேன், மிருதங்கம் ராம்நாடு ராகவன், கடம் விக்கு விநாயக்ராம்.

கடம் நம் தண்ணீர்ப் பானைக்கு உறவுதான்! வாயை வயிற்றோடு அணைத்தும் விலக்கியும் ஒலியை மாற்றுவார்கள். நம் கச்சேரிகளில் அது மிருதங்கத்துக்கும் பின்னால் அமரும் பக்கவாத்தியம். 'ஜாய்' என்ற 18 நிமிட உருப்படியிலோ அது சமபங்காளி. கிதார் கேள்வி கேட்க, வயலின் பதில் சொல்லும். பதில் முடியுமுன் அடுத்த கேள்வி! தவறினால் அழித்துத் திருத்த வழியில்லை. அந்த அச்சமே நம்மை மூச்சடக்கிக் கேட்க வைக்கிறது. ஞாயிறு பூசையில் தாளம் தப்பிய பாடகர் குழுவினருக்கு இது புரியும்!

இரண்டாம் பக்கம் முழுவதும் ஒரே உருப்படி, 29 நிமிடம். "இன்னும் முடியலியா?" என்று அடுக்களையிலிருந்து கேட்டார்கள் அம்மா. சற்று நேரத்தில் வாசலில் வந்து நின்று, "இது பானையில தட்டுத சத்தம்லா?" என்றார்கள். மீன்சட்டி அடுப்பிலேயே இருந்தது.