முதலில் செருப்பை மாட்டுங்கள்

அன்றாடத்தில் மனசு – 9

போன வாரம் தூக்கத்தைப் பற்றி எழுதியதற்கு வந்த கடிதங்களில் திரும்பத் திரும்ப ஒரு வரி: ‘நீங்கள் சொல்வதெல்லாம் தெரிந்ததுதான் சார். செய்யத்தான் மனசு வரமாட்டேன் என்கிறது.’

நியாயமான பேச்சு. நடந்தால் நல்லது, நேரத்துக்குப் படுத்தால் நல்லது, நாலு பேரோடு பழகினால் நல்லது என்பது தெரியாதவர் யார்? குடும்ப வாட்ஸ்அப் குழுவில் விடிந்ததும் ஒரு சித்தப்பா ‘உற்சாகமாக வாழப் பத்து வழிகள்’ அனுப்பிவிடுகிறார். அவரே அதைப் படித்திருப்பாரா என்பது சந்தேகம். ஆகவே இந்த வாரம் வழிகளைக் கூட்டப்போவதில்லை. அந்த ‘மனசு வரவில்லை’யை மட்டும் பார்ப்போம்.

முதலில் மனசு சரியாகட்டும், அப்புறம் குளிக்கலாம், வெளியே போகலாம், சிநேகிதனுக்குப் போன் போடலாம் என்பதுதான் நம் எல்லோருடைய கணக்கும். சாதாரண நாளில் இது தப்பில்லை. ஆசை வருகிறது, எழுந்து போகிறோம். மனசு துவண்டுபோன காலத்தில் ஆசை வருவதே நின்றுவிடுகிறது. அப்போதும் அது வரட்டும் என்று உட்கார்ந்தால் என்ன ஆகும்? கல்யாணத்துக்குப் போகவில்லை, அங்கே பழைய ஆள் ஒருவரைப் பார்த்துச் சிரித்திருக்கலாம், அது போயிற்று. மாடியில் துணி காயப்போடப் போகவில்லை. வெயிலும் போயிற்று, எதிர்வீட்டு அக்காவோடு பேசும் ரெண்டு வார்த்தையும் போயிற்று. மனசுக்குத் தீனி வரும் வாசல்கள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொள்ள, இன்னும் துவள்கிறோம். துவண்டதால் மிச்சமுள்ள வாசலையும் சாத்துகிறோம்.

இந்தச் சுழலை 1970களில் விரிவாக ஆராய்ந்தவர் அமெரிக்காவில் ஓரிகன் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் பீட்டர் லெவின்சன். மனச்சோர்வுக்கு ஆளானவரின் உள்ளே என்ன ஓடுகிறது என்று தோண்டுவதைவிட, காலையிலிருந்து இரவுவரை அவர் என்ன செய்கிறார், அதனால் அவருக்கு என்ன கிடைக்கிறது என்று பார்த்தார். மனிதர்களுக்கு இதம் தரும் காரியங்களின் பட்டியல் ஒன்றைச் சக ஆய்வாளரோடு சேர்ந்து தயாரித்தார். மொத்தம் 320. பெரிய பெரிய சந்தோஷங்கள் என்று நினைக்க வேண்டாம். துவைத்த துணி உடுத்துவதுகூட அதில் உண்டு. நம் ஊரில் போட்டிருந்தால் சாயங்காலம் வாசல் தெளித்துவிட்டுத் திண்ணையில் உட்காருவது முதல் பக்கத்திலேயே வந்திருக்கும்.

அடுத்து 1996இல் வெளியான ஓர் ஆய்வு. அப்போது மனச்சோர்வுக்கான பேச்சு சிகிச்சைகளில் பேர்போனது ஆரன் பெக் உருவாக்கிய முறை. கோணலான எண்ணங்களைப் பிடித்துத் திருத்துவதுதான் அதன் உயிர்நாடி. நாளின் காரியங்களைத் திட்டமிட்டுச் செய்யவைப்பது அதில் ஒரு பகுதி மட்டுமே. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் நீல் ஜேக்கப்சன் அந்தப் பகுதியைத் தனியே கழற்றி எடுத்தார். சுமார் 150 நோயாளிகளை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குக் காரியங்களை மட்டும் கொடுத்தார்கள். இன்னொரு பிரிவினருக்குக் கொஞ்சம் எண்ணத் திருத்தமும் சேர்த்து. மூன்றாவது பிரிவினருக்கு முழுச் சிகிச்சை. கடைசியில் பார்த்தால் மூன்று பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத் தேறியிருந்தார்கள். எண்ணத்தைச் சரிசெய்யாமல் செய்கையை மட்டும் பிடித்துக்கொண்டே மேலே வரலாம் என்பதைச் சிகிச்சை செய்கிறவர்களில் பலரால் அவ்வளவு லேசாக ஜீரணிக்க முடியவில்லை.

தோட்டத்துப் பம்புசெட்டு ஓட்டியவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. குழாயில் காற்று ஏறிவிட்டால் மோட்டார் எவ்வளவு சுற்றினாலும் தண்ணீர் எடுக்காது. முதலில் நாம் ஒரு குடம் ஊற்றியாக வேண்டும்.

எங்கள் பெரியப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். முதல் டிரிப் டூட்டி என்றால் விடியற்காலை மூன்றரைக்கே எழுந்து, குளித்து, விபூதி பூசி, காக்கிச் சட்டையோடு டிப்போவுக்குக் கிளம்பிவிடுவார். ஓய்வுபெற்று ஒரு வருஷத்துக்குள் ஆள் மாறிப்போனார். ஈஸிசேர், டி.வி., மறுபடி ஈஸிசேர். ஷேவ் செய்வதில்லை. டீக்கடைப் பக்கம் போவதில்லை. யாராவது கேட்டால் ‘நெஞ்சு எரியுது, கால் ஓயுது’ என்பார். மனசைப் பற்றி ஒரு வார்த்தை வராது. ஈ.சி.ஜி. எடுத்தார்கள், ரத்தம் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. நம் ஊரில் மனச்சோர்வு பெரும்பாலும் இப்படி உடம்பின் பேரைச் சொல்லிக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்கு வருகிறது. கடைசியில் மனநலப் பிரிவில் ஒரு டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்ததோடு, ஒரு நோட்டும் போடச் சொன்னார்: மணிக்கு மணி என்ன செய்தீர்கள், அப்போது மனசு எப்படி இருந்தது, பத்துக்கு எவ்வளவு மார்க்.

பெரியப்பா அதை இன்வாய்ஸ் எழுதுவதுபோலவே எழுதினார். அதே நெருக்கமான கையெழுத்து, ஸ்கேல் வைத்துப் போட்ட கட்டங்கள், பக்கத்தின் அடியில் கையொப்பம். முதல் வாரம் பூராவும் ‘டி.வி. – 2’, ‘டி.வி. – 1’, ‘படுத்திருந்தேன் – 1’. நடுவில் ஒரு நாள் மட்டும் ‘காலை 10.15, ரேஷன் கடை க்யூ – 5’ என்று இருந்தது. ஒன்றரை மணி நேரம் வெயிலில் நின்ற க்யூ! நடந்தது என்னவென்றால், அங்கே வரிசை குலைந்து சத்தம் வந்திருக்கிறது. இவர் பழைய பழக்கத்தில் குரலை உயர்த்தி, வயசானவர்களை ஒரு பக்கம், மற்றவர்களை ஒரு பக்கம் என்று நிறுத்தி ஒழுங்குபடுத்தியிருக்கிறார். நோட்டை என்னிடம் காட்டி, “டி.வி. பாக்கது ரெஸ்டுன்னுல்லா நெனச்சேன். இதுல பாத்தா அதுதாம்லே ஆளை அமுக்குது” என்றார்.

அந்த நோட்டின் வேலை இதுதான். எது தனக்கு இதம் தருகிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் தப்பு. மொபைலைத் தள்ளிக்கொண்டே படுத்திருப்பது ஓய்வு மாதிரி தோன்றும். மார்க் போட்டுப் பார்த்தால் தெரியும். சில காரியங்கள் செய்யும்போதே இனிக்கும்: பாட்டு, பேச்சு, பேரப்பிள்ளை. சில, செய்து முடித்த பிறகுதான் தெம்பு தரும்: அடைந்துகிடந்த அலமாரி, கட்டாமல் கிடந்த கரண்ட் பில். பெரியப்பாவின் க்யூ இரண்டாவது ரகம். துவண்ட மனசுக்கு முதல் ரகம் சீக்கிரம் எட்டுவதில்லை. பிடித்த பாட்டும் சப்பென்றிருக்கும். அதனால் இரண்டாவதிலிருந்து தொடங்குவது நல்லது என்பது என் கட்சி.

இப்போது கடிதம் எழுதியவர்களுக்கு வருகிறேன். ‘தினம் 45 நிமிஷம் நடப்பேன்’ என்று முடிவு செய்யாதீர்கள். அந்த 45 நிமிஷத்தை நினைத்தே படுத்துவிடுவீர்கள். சாயங்காலம் ஐந்தரை ஆனதும் செருப்பை மாட்டுவது, தெருமுனைவரை போவது. அவ்வளவுதான் காரியம். முனையில் நின்று, திரும்ப வேண்டும்போல் இருந்தால் தாராளமாகத் திரும்பிவிடலாம். அன்றைய வேலை முடிந்தது. நேரத்தைக் கடிகாரத்திடம் விடுங்கள், மனசிடம் அபிப்பிராயம் கேட்காதீர்கள். முடிந்தால் இன்னொருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘ஐந்தரைக்கு முக்குல நிக்கேன்’ என்று ஒருவர் சொல்லிவிட்டால் போகாமலிருக்கக் கூச்சமாக இருக்கும். அந்தக் கூச்சம் நமக்கு வேண்டியதே. முதல் சில நாள் நடந்துவிட்டு வந்தும் ஒன்றும் தோன்றாது. ‘பார்த்தாயா, பிரயோஜனமில்லை’ என்று உள்ளே ஒரு குரல் சொல்லும். சொல்லட்டும், நோட்டில் 2 என்று எழுதிவிட்டு மறுநாளும் மாட்டுங்கள்.

பெரிய படிப்புப் படித்த டாக்டர்களால் மட்டுமே நடத்தக்கூடிய காரியமோ இது என்றால், இல்லை. கோவாவில் சங்கத் என்ற தொண்டு நிறுவனம் விக்ரம் படேல் முதலானோரின் வழிகாட்டலில் இதையே செய்து பார்த்தது. மனநலத் துறையோடு முன்பின் சம்பந்தமில்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஆலோசகர்களாக உட்காரவைத்தார்கள். கடுமையான மனச்சோர்வுள்ள 495 பேர், பெரும்பாலும் பெண்கள், இந்த ஆய்வில் சேர்ந்தார்கள். ஒரு பாதிப் பேருக்கு வழக்கமான மருத்துவம் கொஞ்சம் மேம்படுத்தித் தரப்பட்டது. மறுபாதிக்கு அதோடு, ஆறு முதல் எட்டு முறை இந்த ஆலோசகரின் சந்திப்பு: நேற்று என்ன செய்தீர்கள், நாளைக்கு எதை முயன்று பார்க்கலாம், யார் துணைக்கு வருவார். மூன்று மாதம் கழித்து நோயின் பிடி விட்டிருந்தவர்கள் முதல் பாதியில் 39 சதவீதம், மறுபாதியில் 64 சதவீதம். முடிவுகள் ‘லான்செட்’ இதழில் வந்தன.

64 என்றால் மீதி 36 இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேலாக நாளெல்லாம் மனசு இருண்டே கிடந்தால், சாப்பாடும் தூக்கமும் குலைந்தால், செருப்பை மாட்டிக்கொண்டு போக வேண்டிய இடம் டாக்டர் வீடு. தைராய்டு குறைந்தாலும் இதே சோர்வு வரும். அதை நடந்து சரிசெய்ய முடியாது. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு அதை நிறுத்தினால் எனக்குப் பாவம். வாழ்ந்து என்ன பிரயோஜனம் என்ற நினைப்பு தலைகாட்டினால் ஒரு நாள்கூடத் தள்ள வேண்டாம். 14416 என்ற எண்ணில் ‘டெலி மானஸ்’ இருக்கிறது. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கியது. இருபத்துநாலு மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம்.

வீட்டில் இப்படி ஒருவரை வைத்துக்கொண்டு தவிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ‘எந்நேரமும் படுத்தே கிடந்தா எப்படி, எழுந்து ஏதாவது பண்ணக் கூடாதா?’ என்று கேட்பது இயல்பு. ஏற்கனவே தன்னைத்தானே திட்டிக்கொண்டிருப்பவருக்கு அது இன்னொரு திட்டு. ‘பாசிட்டிவா இருங்க’ என்பது அதைவிட மோசம். அறிவுரைக்குப் பதில் ஒரு வேலையைக் கையில் கொடுங்கள். சின்னதாக, நிஜமாகவே வீட்டுக்குத் தேவைப்படுவதாக இருக்கட்டும். சும்மா பொழுதைப் போக்கக் கொடுத்த வேலை என்றால் கண்டுபிடித்துவிடுவார்கள். அன்றைக்குப் பெரியப்பாவை அந்த க்யூவுக்குக் கிளப்பியது பெரியம்மா. “பாமாயில் போடுதாவளாம், எனக்குக் கால் கடுக்கு, செத்த போயி நிக்கியளா?” என்று கார்டையும் பையையும் மடியில் வைத்துவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். மறுவாரம் சர்க்கரைக்கு அவரே பையை எடுத்தார். அன்றைக்கு நோட்டில் 6.

(அடுத்த வாரம்: ராத்திரி படுத்ததும் வரிசை கட்டி வரும் கவலைகளுக்குச் சாயங்காலமே அரை மணி நேரம் ஒதுக்கிக் கொடுக்கும் முறை)