மஞ்சளைக் கண்டதும் விரல் முந்துவது ஏன்?

ஒலிம்பிக் வில்வித்தையில் இலக்கு 70 மீட்டர் தள்ளி நிற்கிறது. அதன் விட்டம் 122 செ.மீ.; பத்துப் புள்ளி தரும் நடுவட்டமோ 12.2 செ.மீ.தான். மையத்துக்கு நேராக இருக்கவேண்டிய அம்பு, புறப்படும்போது ஒரு டிகிரியில் இருபதில் ஒரு பங்கு திரும்பினாலே அந்த வட்டத்தின் விளிம்புக்குப் போய்விடும். இத்தனை நுட்பத்தையும் பல ஆண்டுகள் பழகிக் கைவசப்படுத்திய ஒருவருக்குத் திடீரென்று வில்லை இலக்கின் நடுவிலுள்ள மஞ்சள் வட்டத்துக்குக் கொண்டுபோகவே முடியாமல் போவதுண்டு. மஞ்சளுக்குச் சற்றுக் கீழே கை நின்றுவிடும். இன்னும் கொஞ்சம் உயர்த்த வேண்டும் என்று மனம் தவிக்கும்; கை கேட்காது.

இன்னொருவருக்கு இது நேர்மாறாக வரும். நாணை இழுத்து நிலைநிறுத்துவதற்குள், மஞ்சள் கண்ணில் பட்ட கணமே விரல்கள் நாணை விட்டுவிடும். வேறு சிலருக்கு விடாமலேயே தோளும் கையும் வெடுக்கென்று உதறும். இவற்றையெல்லாம் சேர்த்து ‘டார்கெட் பேனிக்’ என்கிறார்கள் வில்லாளர்கள். ஜப்பானின் ‘கியூதோ’ வில்வித்தை மரபு இவற்றைத் தனித்தனியாகவே பெயரிட்டு வைத்திருக்கிறது: முந்தி விடுவது ‘ஹயாகே’, விட முடியாமல் தேங்குவது ‘மொதாரே’, உதறுவது ‘பிகு’.

இது மனத்துணிவு இல்லாதவர்களுக்கு வரும் கோளாறு என்று எண்ணுவது பெரும் தவறு. பார்வையாளர் எவரும் இல்லாத மைதானத்தில், தனியாகப் பயிற்சி செய்யும்போதும் இது வருகிறது. ஆனால் இலக்குத் தாளைக் கழற்றிவிட்டு, வெறும் வைக்கோல் பலகையின் முன்னால் கண்ணை மூடி எய்யச் சொன்னால், பெரும்பாலும் அதே வில்லாளர் இயல்பாக எய்கிறார். வில்லும் மாறவில்லை, தசையும் மாறவில்லை. மாறியது ஒன்றே ஒன்று: கண்ணெதிரே மஞ்சள் இல்லை. நோயின் காரணமும் மருந்தும் இந்த ஒரு உண்மைக்குள் இருக்கின்றன.

மாங்காய்க் கீற்றில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவுவதைப் பார்த்தாலே வாயில் நீர் ஊறுகிறது. நாக்கில் படும்வரை அது காத்திருப்பதில்லை. ஒன்றை அடுத்து இன்னொன்று திரும்பத் திரும்ப நிகழ்ந்தால், முதலாவதைக் கண்டதுமே உடல் இரண்டாவதற்குத் தயாராகிவிடுகிறது. ரஷ்ய விஞ்ஞானி இவான் பாவ்லோவ் நாய்களிடம் ஆராய்ந்து காட்டிய பாடம் இது. வில்லாளருக்கும் இதுவே நடக்கிறது. ஆயிரக்கணக்கான முறை மஞ்சளைப் பார்த்தார், உடனே விட்டார். அம்பு நடுவில் தைத்த மகிழ்ச்சி அந்த இணைப்பை மேலும் இறுக்கியது. நாளடைவில் விடு என்று ஆணையிடும் வேலையை அவர் மனத்திடமிருந்து மஞ்சளே பிடுங்கிக்கொண்டது.

கை கீழேயே உறைந்து நிற்பதற்கும் விளக்கம் இங்கே கிடைக்கிறது. மஞ்சளைத் தொட்டால் அம்பு போய்விடும் என்பது உடலுக்குத் தெரிந்துவிட்டது. இன்னும் விடக் கூடாது என்று மனம் தடுக்கிறது. இரண்டுக்கும் இடையே சிக்கிய கை, மஞ்சளை நெருங்கவே மறுக்கிறது. பதற்றம் இந்தச் சிக்கலை முறுக்குகிறது. ஆனால் சிக்கலின் வேர் கற்றலில் இருக்கிறது.

இந்தத் துன்பம் வில்லோடு நிற்பதில்லை. சிற்றம்பைக் கையால் எறியும் டார்ட்ஸ் விளையாட்டில் ஐந்து முறை உலகச் சாம்பியனான இங்கிலாந்தின் எரிக் பிரிஸ்டோவுக்கு, 1986இல் சிற்றம்பு விரலைவிட்டுப் போக மறுத்தது. மீண்டு வந்து ஆடினார். உலகப் பட்டம் மட்டும் திரும்பவில்லை. கோல்ஃப் வீரர்களுக்கு வரும் ‘யிப்ஸ்’ என்ற இதேபோன்ற கோளாறு பற்றி அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் ஆராய்ந்தபோது, சிலரிடம் தசைகளை இயக்கும் நரம்புக் கோளாறும் சிலரிடம் பதற்றமும் முன்னிற்பதைக் கண்டார்கள். ஆகவே எல்லோருக்கும் ஒரே மருந்து என்று சொல்ல முடியாது.

வில்லாளர்களிடம் பலன் தந்துவரும் வழி, பிணைந்துபோன இரண்டு செயல்களைப் பிரிப்பது. முதல் கட்டத்தில் இலக்கே கிடையாது. சில அடி தூரத்தில் வெறும் பலகை, மூடிய கண்கள். முதுகுத் தசை இழுப்பதையும் விரல் தளர்வதையும் மட்டும் உணர்ந்து எய்கிறார்கள். தனியாக இன்னொரு பயிற்சி: நாணை இழுத்து, மஞ்சளின்மேல் குறியை நிறுத்தி, எய்யாமல் மெல்லத் தளர்த்தி இறக்குகிறார்கள். மஞ்சளைக் கண்டும் எதுவும் நடக்காத அனுபவம் உடலில் சேரச் சேர, பழைய இணைப்பு தளர்கிறது. அதன்பிறகே பெரிய இலக்கை மிக அருகில் வைத்து, படிப்படியாகத் தூரத்தைக் கூட்டுகிறார்கள். அச்சங்களைத் தணிக்க மனநல மருத்துவர் ஜோசப் வோல்ப் 1950களில் வகுத்த படிநிலை முறையின் சாயல் இதில் இருக்கிறது.

ஒலிம்பிக் வில்லில் ‘கிளிக்கர்’ என்ற சிறு உலோகத் தகடும் உதவுகிறது. அம்பின் முனை அதைக் கடந்து உள்ளே வந்ததும் ‘கிளிக்’ என்று ஒலிக்கும், அதன்பின்தான் விடவேண்டும். ஆணை கண்ணிடமிருந்து காதுக்கு மாறுகிறது. ஆனால் மூளை இதையும் கற்றுக்கொண்டு, ஒலிக்கு முன்னரே விரலைத் தூண்டக்கூடும். அதனால் ஒலி கேட்ட பிறகும் விடாமல் இறக்கிப் பழகுவது அவசியமாகிறது.

குணமானவரிடம் இது திரும்பி வரலாம் என்பதையும் மறைக்கக் கூடாது. அழிந்துவிட்டதாகத் தோன்றிய பழக்கம் இடைவெளிக்குப் பின் மீண்டும் தலைகாட்டுவதை பாவ்லோவே பதிவு செய்திருக்கிறார். பழைய கற்றல் முற்றாக அழிவதில்லை. அதன்மேல் புதிய கற்றல் படிகிறது, அவ்வளவுதான். அப்படித் திரும்பும்போது வில்லாளர் தன்னை நொந்துகொள்ளத் தேவையில்லை. சில வாரங்கள் மறுபடியும் வெறும் பலகையின் முன் நின்றால் போதும்.

வில்லைப் பிடிக்கும் பிள்ளைக்கு முதல் மாதத்திலேயே இதைச் சொல்லித்தர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். எத்தனை அம்பு மஞ்சளில் தைத்தது என்று எண்ணும் பயிற்சியாளர், எத்தனை முறை இழுத்த நாணை எய்யாமல் இறக்க முடிந்தது என்பதையும் எண்ணட்டும். விடாமலிருக்க முடிகிறவரே தான் விரும்பிய கணத்தில் விடவும் முடிகிறவர்.