எலி ஒழிந்தால் பவளப்பாறை செழிக்கும்... தெரியுமா?

ஆமாம், எலியேதான்! இந்தியப் பெருங்கடலின் நடுவே சாகோஸ் என்றொரு தீவுக்கூட்டம். அந்தக் காலத்துக் கப்பல்களிலிருந்து சில தீவுகளில் எலிகள் இறங்கிவிட்டன. சில தீவுகள் தப்பித்தன. தப்பித்த தீவுகளில் கடற்பறவைகள் எத்தனை மடங்கு அதிகம் தெரியுமா? 760 மடங்கு! 2018இல் ‘நேச்சர்’ இதழில் வந்த கணக்கு. முட்டை, குஞ்சு எதையும் எலி விடாது. பறவை போனால் எச்சமும் போச்சு. அந்த எச்சம்தான் மழையில் கரைந்து கடலுக்குள் இறங்கி, பாசிக்கும் மீனுக்கும் உரமாகிறது. எலியில்லாத தீவைச் சுற்றி மீன்வளம் 48 சதவீதம் கூடுதல்! கடலுக்கடியில் இருக்கும் பாறைக்கான வைத்தியம் கரையில் இருக்கிறது, பாருங்கள்.

மீன் கூடினால் பாறைக்கு என்ன லாபம்? கிளிமீனைப் பாருங்கள். அது பாறையைக் கடிக்கும் சத்தம், முக்குளிப்பவர் காதில் நறநறவென்று விழும், தெரியுமா? கிளி அலகு மாதிரியான பல்லால் பாசியைச் சுரண்டும்போது சுண்ணாம்பும் சேர்ந்து உள்ளே போகும். தொண்டைப் பற்கள் அதை மாவாக அரைக்க, வெளியே வருவது வெள்ளை மணல். பல தீவுகளின் அழகான கடற்கரை இப்படி வந்ததுதான்!

இந்த மேய்ச்சல் நின்றுபோனால்? பாசி பவளத்தை மூடிவிடும்! ஜமைக்காவைக் கேளுங்கள். அங்கே மீனை ஏற்கெனவே வழித்து எடுத்துவிட்டார்கள். பாசியைத் தின்ன மிச்சமிருந்தது நீள்முள் கடல்முள்ளெலி ஒன்றுதான். 1983இல் கரீபியன் கடலில் பரவிய நோயில் அதுவும் நூற்றுக்குத் தொண்ணூறுக்குமேல் மாண்டது. புயல்களும் தாக்கின. 1970களின் இறுதியில் பாதிக்குமேல் உயிர்ப்பவளமாக இருந்த பாறைகளில், 1990களின் தொடக்கத்தில் எஞ்சியது வெறும் 3 சதவீதம். மற்றதெல்லாம் பாசி! பெலீஸ் நாடு விழித்துக்கொண்டது: 2009இல் கிளிமீன் பிடிக்கவே தடை. பவளத்துக்கு வேலி போட்டால் போதாது, அதை மேய்கிற மீனையும் காப்பாற்ற வேண்டும் என்று சட்டமே சொன்னது எவ்வளவு பெரிய விஷயம்!

நம்ம மன்னார் வளைகுடாவுக்கு வருவோம். பவளப்பாறையை வெட்டிச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் அள்ளிய காலம் உண்டு. 21 தீவுகளில் இரண்டு இன்று நீருக்கடியில்! தூத்துக்குடிக்கு எதிரே வான்தீவும் கரைந்துகொண்டேதான் இருந்தது. அதைச் சுற்றிக் கடலடியில் கான்கிரீட்டாலான செயற்கைப் பாறைகளை வரிசையாக இறக்கினார்கள். அலையின் வேகம் தணிந்து, அரிப்பு குறைந்தது. அந்தக் கான்கிரீட்டின் மேலேயே இப்போது பவளக் குஞ்சுகள் ஒட்டி வளர்கின்றன, இடுக்கெல்லாம் மீன்கள்!