கற்றல் 2.0 (23 செயல்கள்)

கற்றல் 2.0 என்பது நூலகப் பணியாளர்கள் ஊடாடும் இணையக் கருவிகளை விளையாட்டாகவே பழகிக்கொள்வதற்காக வகுக்கப்பட்ட பயிற்சித் திட்டம் ஆகும். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்திலுள்ள சார்லட் மெக்லன்பர்க் பொது நூலகத்தில் 2006 ஆகஸ்டில் இது தொடங்கியது. அந்நூலகத்தின் தொழில்நுட்பப் பொறுப்பாளர் ஹெலீன் பிளவர்ஸ் இதை வடிவமைத்தார். 23 சிறு செயல்களைக் கொண்டிருப்பதால் ‘23 செயல்கள்’ என்றும் அழைக்கப்படுகிறது.

பின்னணி

வலைப்பதிவு, விக்கி, படப்பகிர்வு முதலியவை அப்போது வேகமாகப் பரவிவந்தன. வாசகர் இவற்றைப் பற்றிக் கேட்டால் வழிகாட்ட வேண்டியவர் நூலகர். கனடா நூலகர் ஸ்டீவன் ஆப்ரம், ஓராண்டில் செய்து பார்க்கத்தக்க 43 செயல்களைப் பட்டியலிட்டு எழுதிய கட்டுரையே பிளவர்ஸுக்குத் தூண்டுகோலாயிற்று.

செயல்முறை

- காலம் ஒன்பது வாரங்கள். வகுப்பறையோ தேர்வோ இல்லை.
- ஒவ்வொருவரும் சொந்தமாக ஒரு வலைப்பதிவு தொடங்கி, செய்து பார்த்ததை அதில் எழுத வேண்டும்.
- செய்தியோடை, குறிச்சொல், விக்கி, காணொளி, ஒலிநூல் எனச் செயல்கள் தொடரும். சென்னையில் உருவாக்கப்பட்ட சோஹோ ரைட்டரும் பழகும் கருவிகளுள் ஒன்று.
- ஐந்தாம் வாரத்தின் பெயரே ‘விளையாட்டு வாரம்’.
- 23 செயல்களையும் உரிய காலத்தில் முடித்தவர்களுக்கு எம்பி3 இசைக்கருவி பரிசு.

விளையாட்டு ஏன்?

இரண்டாம் செயல், வாழ்நாள் முழுதும் கற்போரின் ஏழரைப் பழக்கங்களைப் பற்றியது. கடைசி அரைப் பழக்கம் ‘விளையாடு’ என்பதே. கணினி முன் அமரும் மூத்த பணியாளரைத் தடுப்பது பெரும்பாலும் அறியாமை அன்று, அச்சமே. தவறாக எதையேனும் அழுத்திவிட்டால் பிறர் சிரிப்பார்களோ என்று கை தயங்கும். வகுப்பில் குறிப்பெடுத்தவர் மறுநாளே மறந்துவிடலாம். தானே தட்டித் தடவிக் கண்டுபிடித்தவர் எளிதில் மறப்பதில்லை. மதிப்பெண் இல்லாத இடத்தில், பக்கத்து இருக்கைக்காரரிடம் கேட்கவும் கூச்சம் வராது.

பரவல்

படைப்பாக்கப் பொதும உரிமத்தில் வெளியிடப்பட்டதால், பிற நூலகங்கள் இத்திட்டத்தைத் தம் தேவைக்கேற்ப மாற்றிக்கொண்டன. ஆஸ்திரேலியாவின் மெல்பேர்னிலுள்ள யாரா பிளென்ட்டி வட்டார நூலகம் முதலில் பின்பற்றியவற்றுள் ஒன்று.

தமிழ்நாட்டிற்குப் பொருத்தம்

சீர்காழியில் பிறந்த சீ. இரா. அரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளுள் கடைசி விதி, நூலகம் ஒரு வளரும் உயிரி என்பது. நூலகம் வளர வேண்டுமானால் பணியாளரும் வளர வேண்டும். நம் கிளை நூலகம் ஒன்று, ஐந்தே செயல்களுடன் தொடங்கலாம்:

1. ஒருங்குறியில் தமிழ்த் தட்டச்சு செய்தல்.
2. தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்தில் ஒரு நூலைத் தேடி எடுத்தல்.
3. தமிழ் விக்கிப்பீடியாவில் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்துதல்.
4. பாலவாக்கம் கடற்கரை போன்ற உள்ளூர் இடத்தைப் படமெடுத்து விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றுதல்.
5. கற்றதை ஒரு வாசகருக்குச் செய்து காட்டுதல்.

வாரத்துக்கு ஒரு மணி நேரத்தைப் பணி நேரத்திலேயே ஒதுக்குவது இன்றியமையாதது. வீட்டுக்குப் போய்ப் பழகுங்கள் என்றால் அது விளையாட்டாக இராது, கூடுதல் சுமையாகிவிடும்.

அன்றைய பட்டியலிலிருந்த டெலிசியஸ் போன்ற சில தளங்கள் இன்று இயங்கவில்லை. ஆனால் புதிய கருவியைக் கண்டால் அஞ்சாமல் திறந்து பார்க்கும் பழக்கம், அடுத்து வரும் எந்தக் கருவிக்கும் உதவும்.