கிரீஷ் மாத்ருபூதம் கதையும், திண்டிவனம் தம்பியோட ஈசாப் லெட்டரும்



போன வருஷம் விழுப்புரத்துல இருக்கிற நம்ம ஆபீஸுக்குத் திண்டிவனத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். சென்னையில ஒரு ஸ்டார்ட்அப்ல வேலை, ரிசைன் பண்ணிட்டார். கையில ஈசாப் லெட்டர். பங்கு ஒன்று 10 ரூபாய்னு 2,000 பங்குகள் வாங்கிக்கற உரிமை. வேலையை விட்டு 90 நாளுக்குள்ள வாங்கணும், மிச்சம் நாலே நாள்.

"சார், ஃப்ரெஷ்வொர்க்ஸ்ல 500 பேர் கோடீஸ்வரன் ஆனாங்களே! அப்பா நகையை அடகு வச்சுத் தரேன்னு சொல்றார். வாங்கிடட்டுமா?"

அந்த 500 பேர் கதையை முதல்ல பார்த்துடலாம்.

கிரீஷ் மாத்ருபூதம் திருச்சிக்காரர். ஜோஹோவில் நல்ல பதவியில் இருந்தவர். அமெரிக்காவிலிருந்து வீடு மாறி சென்னை வந்தப்போ அவரோட டிவி உடைஞ்சுது. இன்சூரன்ஸ் பணத்துக்கு மாசக்கணக்கா அலைஞ்சார், கிடைக்கல. கடைசியில இணையத்துல எழுதிப் போட்டதும் பணம் வந்துடுச்சு. கஸ்டமர் கையில இவ்வளவு பலம் வந்துடுச்சேன்னு யோசிச்சவர், 2010-ல் ஷான் கிருஷ்ணசாமியோடு சேர்ந்து ஃப்ரெஷ்டெஸ்க் தொடங்கினார். 2017-ல் அதுதான் ஃப்ரெஷ்வொர்க்ஸ் ஆச்சு. தீவிர ரஜினி ரசிகர், ஐபிஓவுக்கே 'புராஜெக்ட் சூப்பர்ஸ்டார்'னு பேர் வச்சவர்!

2021 செப்டம்பர் 22, நாஸ்டாக். வெளியீட்டு விலை 36 டாலர், அன்னிக்கு முடிஞ்ச விலை 47.55. ஊழியர்களுக்கும் பங்கு கொடுத்திருந்ததால 500-க்கும் மேல கோடீஸ்வரர்கள், அதுல 70 பேர் வரை 30 வயசுக்குக் கீழ. பாராட்ட வேண்டிய விஷயம்தான். ஆனா அடுத்த வருஷமே அந்தப் பங்கு 15 டாலருக்கும் கீழ போச்சு. அதை எந்த வாட்ஸ்அப் ஃபார்வர்டும் சொல்லல.

இப்போ தம்பி கணக்கு. ஈசாப்ல பங்கை வாங்குற அன்னிக்கே வரி வந்துடும். விற்கலைன்னாலும் வரும், இதுதான் நிறைய பேருக்குத் தெரியாத இடம். அவர் கம்பெனி பங்கின் மதிப்பு அப்போ 610 ரூபாய். வித்தியாசம் 600. 2,000 பங்குக்கு 12 லட்சம், இது சம்பளத்தோட சேரும். அவர் 30% ஸ்லாப். 4% செஸ்ஸும் சேர்த்தா வரி 3,74,400. பங்கு விலை 20,000-த்தையும் கூட்டினா கிட்டத்தட்ட நாலு லட்சம். நகை எதுக்குன்னு இப்போ புரியுதா?

ஃப்ரெஷ்வொர்க்ஸ் பங்கை மார்க்கெட்ல வித்து வரி கட்டலாம். இவர் கம்பெனி பங்குச் சந்தையிலயே இல்ல. கம்பெனியே திரும்ப வாங்கினாத்தான் காசு. நாளைக்கு மதிப்பு 100-க்கு இறங்கினாலும், 610-க்குக் கட்டின வரியை யாரும் திருப்பித் தர மாட்டாங்க.

(ஃப்ரெஷ்வொர்க்ஸ் மாதிரி வெளிநாட்டுப் பங்கு வச்சிருந்தா ஐடிஆர்-1 போடாதீங்க. ஐடிஆர்-2-ல வெளிநாட்டுச் சொத்துப் பகுதியில காட்டணும்.)

"நகையைத் தொடாம, உங்க சேவிங்ஸ்ல போனா போகட்டும்னு விடக்கூடிய தொகை எவ்வளவு?"ன்னு கேட்டேன். ரொம்ப நேரம் யோசிச்சு, "ஒரு லட்சம் சார்"னார்.

500 பங்கு வாங்கினார். விலை 5,000, வரி 93,600. மீதி 1,500-ஐ விட்டுட்டார். அந்தக் கம்பெனி இன்னும் பைபேக் அறிவிக்கல. அப்பாவுக்கு என் மேல கொஞ்சம் வருத்தம்தான்.

உங்க ஆஃபர் லெட்டர்லயும் ஈசாப் இருந்தா, வேலையை விட்டதுக்கு அப்புறம் எத்தனை நாள் டைம்னு பார்த்து கமெண்ட்ல போடுங்க.