பன்றி விடும் மூச்சும் மாட்டுக்கு வரும் கோமாரியும்

"கோமாரி காத்துல வருமாங்க?" சிதம்பரம், புவனகிரி பக்கம் உழவர்கள் நாலு பேர் கூடினால் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. வரும். ஆனால் யாரிடமிருந்து வரும், எவ்வளவு தூரம் வரும் என்று தெரியாமல் பேசினால், பத்துப் பன்றி வைத்துப் பிழைக்கிறவரை ஊரே சேர்ந்து விரட்டுவதில் போய் முடியும். எங்கள் ஊரில் அந்தப் பேச்சு எழுந்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

குளம்பு பிளந்த கால்நடை எல்லாவற்றுக்கும் கோமாரி வரும். இதில் பன்றிக்கு ஒரு தனிக்குணம். நோய்பட்ட பன்றி மூச்சில் வெளிவிடும் வைரஸ், ஒரு மாடு விடுவதைப்போல ஆயிரம் மடங்குக்கும் மேல் இருக்கலாம். வைரஸின் ரகத்தைப் பொறுத்து இது கூடும், குறையும். மாடோ பெரிய உடம்பு, நிறையக் காற்றை இழுக்கும். கொஞ்சம் வைரஸ் உள்ளே போனாலே போதும், படுத்துவிடும். ஆனால் பன்றிக்குக் காற்று வழியாக இந்த நோய் எளிதில் தொற்றாது. பெரும்பாலும் தின்பதில்தான் வாங்கிக்கொள்கிறது.

1981-ல் பிரான்சின் பிரிட்டனி பகுதிப் பன்றிகளுக்குக் கோமாரி வந்தது. கொஞ்ச நாளில் கடலுக்கு அந்தப்பக்கம், சுமார் 250 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஒயிட் தீவில் மாடுகளுக்கு வந்துவிட்டது. கொண்டுபோனது காற்றுதான் என்று ஆய்வாளர்கள் கணக்குப்போட்டுச் சொன்னார்கள். 2001-ல் இங்கிலாந்தில் ஒரு பண்ணையில், வேகவைக்காத சாப்பாட்டுக் கழிவைத் தின்ற பன்றிகளிடம் நோய் கிளம்பியதாகக் கண்டார்கள். காற்றில் சில கிலோமீட்டர் தள்ளியிருந்த பண்ணைக்குப் போனது. அங்கிருந்த ஆடுகள் சந்தைக்குப் போயின. அதோடு நாடு முழுக்கப் பரவி, 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொன்றார்கள். காற்று செய்தது சில கிலோமீட்டர் வேலை. மிச்சத்தைச் செய்தது சந்தையும் லாரியும்.

நம் ஊர் வெயிலில் காற்றுவழிப் பரவல் குறைவுதான். காற்றில் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் இந்த வைரஸ் சீக்கிரம் செத்துப்போகும். ஆனால் கடலூர் கரையோரத்தில் ஐப்பசி, கார்த்திகை ராத்திரிகளை நினைத்துப் பாருங்கள். துணி காயாது, வைக்கோல் நமத்துப்போகும். அப்போது வீசுவது வடகிழக்குக் காற்று. ஆகவே மாட்டுக் கொட்டகைக்கு வடகிழக்கில் பன்றிக் கொட்டகை வேண்டாம். ஈசானிய மூலை என்றதும் வாஸ்து சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், இது காற்றுக் கணக்கு.

பன்றியை விரட்டுவதால் என்ன கிடைக்கும்? வேப்பூர் ஆட்டுச் சந்தைக்குப் போய்வரும் ஆடுகளை யார் விரட்டுவது? ஆட்டுக்குக் கோமாரி வந்தால் பல நேரம் வெளியே தெரியவே தெரியாது. பன்றி வளர்ப்பவரிடம் கேட்க வேண்டியது இரண்டே விஷயம். ஓட்டல் கழிவை வேகவைத்துத்தான் போடுகிறாரா? ஊசி போட்டாயிற்றா? 2019-ல் மத்திய அரசு தொடங்கிய தேசியக் கால்நடை நோய்த் தடுப்புத் திட்டத்தில் மாடு, எருமை, ஆட்டோடு பன்றியும் சேர்ந்திருக்கிறது, செலவும் அரசுடையது. "பன்னிக்கெல்லாம் யாருங்க ஊசி போடுவா?" என்றார் எனக்குத் தெரிந்த ஒருவர். கால்நடை மருந்தகத்தில் கேட்டால்தானே போடுவார்கள்! மாட்டுக்காரர்கள் நாமே அவரோடு போய்க் கேட்பது நமக்கும் லாபம்.

கழிவை வேகவைப்பதில் இன்னொரு நன்மை. 2023 ஜனவரியில் முதுமலைக் காட்டுப்பன்றிகளிடம் உறுதியான ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் மாட்டுக்கு வராது, ஆனால் பன்றியை விடாது. அதற்குத் தடுப்பூசியும் நம்மிடம் கிடையாது. கழிவில் வரும் இறைச்சித் துண்டு அதற்கு ஒரு முக்கியமான வழி.

நோய் வந்துவிட்டால் பேராசிரியர் புண்ணியமூர்த்தி ஐயா சொல்லித்தந்த சீரகம், வெந்தயம், மிளகு, மஞ்சள், பூண்டு, வெல்லம், தேங்காய்த் துருவல் கலவை வாய்ப்புண்ணுக்கு நல்லது. நானும் கொடுத்திருக்கிறேன். ஆனால் அது புண்ணை ஆற்றும், அடுத்த கொட்டகைக்குப் போகும் மூச்சைத் தடுக்காது. நோய்பட்டதைத் தனியே கட்டுங்கள். கொட்டகைத் தரைக்கும் உங்கள் செருப்புக்கும் சலவைச் சோடா: 10 லிட்டர் தண்ணீருக்கு 400 கிராம். இந்த வைரஸுக்குக் காரமும் ஆகாது, புளிப்பும் ஆகாது. முதலில் சாணியைச் சுத்தமாகக் கழுவிவிட்டு, அப்புறம் தெளியுங்கள்.